வீட்டை வாடகைக்கு விட்டபின் வீட்டுக்காரர் பொறுப்பு என்னென்ன? வேலூர்க்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

வேலூரில் வாடகை வருமானத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். சத்துவாச்சாரியில் ரிட்டயர்மென்ட் பணத்தில் மாடி எடுத்துக் கீழ்ப்போர்ஷனை விட்டவர்கள், காட்பாடியில் வி.ஐ.டி. மாணவர்களை வைத்திருப்பவர்கள், தோட்டப்பாளையத்தில் சி.எம்.சி.க்கு வரும் நோயாளிகளுக்கு நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் அறை கொடுப்பவர்கள். கையில் ஒரு வீடோ இரண்டு போர்ஷனோ வைத்திருக்கிற சாதாரண ஆட்கள்தான் இவர்களில் பெரும்பாலோர். சட்டம் என்றால் 11 மாத அக்ரிமென்ட், பாதுகாப்பு என்றால் வாசலில் ஒரு சி.சி.டி.வி. கேமரா, அதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வாடகைக்கு விட்டதும் அந்த வீட்டின் மேல் உங்களுக்குள்ள அதிகாரம் குறைகிறது, பொறுப்பு குறைவதில்லை. பலர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘என் வீடு, எப்போது வேண்டுமானாலும் உள்ளே போவேன்’ என்பார்கள். அதே வீட்டில் கூரை ஒழுகினால், ‘குடியிருக்கிறவங்க பார்த்துக்கட்டும்’ என்பார்கள். இரண்டுமே தவறு.

எந்தச் சட்டம்?

தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கு இப்போது நடப்பில் இருப்பது, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்னால் இருந்த 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. பழைய சட்டத்தில் ‘நியாய வாடகை’யை நீதிமன்றம் நிர்ணயிக்கும். புதிய சட்டத்தில் இரண்டு பேரும் பேசி எழுதிக்கொண்டதுதான் வாடகை. அதனால்தான் எழுதிக்கொள்வது இவ்வளவு முக்கியமாகிவிட்டது.

இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் மாவட்ட ஆட்சியர் நியமிக்கும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. இதற்கென்று அரசின் இணையதளமும் இருக்கிறது. பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். இதைப் பத்திரப் பதிவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் காலங்காலமாக 11 மாதம் என்று எழுதி வந்தார்கள். 2017 சட்டத்தில் அந்த 11 மாத உபாயம் செல்லாது. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று புரோக்கர் சொன்னால் நம்ப வேண்டாம். நாளை வாடகை பாக்கி என்று வழக்குப் போட வேண்டி வந்தால், பதியாத அந்தத் தாள் உங்களுக்குத்தான் தொல்லை.

அட்வான்ஸ் விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. ‘இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாதாமே’ என்று யூடியூபைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். அது ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் உள்ளது. மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும். தமிழ்நாட்டுச் சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. வேறு விதமாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் ஒழிய அதற்கு மேல் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் என்று வாங்குபவர்கள் அந்த விதிவிலக்கில்தான் வாங்குகிறார்கள். அப்படியானால் அது எழுத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் போக்கியம், லீசு. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருக்கும் முறை நம் பக்கத்தில் நன்றாகவே ஓடுகிறது. வீட்டுக்காரருக்கு ஒரே நேரத்தில் பெரிய தொகை கிடைக்கும். அது கடன் என்பதை அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். மகள் கல்யாணத்தில் செலவாகிவிட்ட பணத்தை மூன்று வருடம் கழித்துத் திருப்பித் தர வேண்டும். உண்மையான போக்கியம் என்றால் அது அடமானம், 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்தைப் பதிந்தே ஆக வேண்டும். ‘நம்மாளுங்கதானே’ என்று வெறும் தாளில் எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் ஆபத்து.

எந்த ரிப்பேர் யார் தலையில்?

இதற்குச் சட்டத்திலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அதுதான் செல்லும். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, உள்ளேயும் வெளியேயும் உள்ள வயரிங், எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், தாழ்ப்பாள், பூட்டு, உடைந்த கண்ணாடி, அடைத்துக்கொண்ட வடிகால் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு.

சொல்லியும் நீங்கள் செய்யவில்லை என்றால் குடியிருப்பவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் அந்த மாத வாடகையின் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. அதே போல அவர் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் நீங்கள் செய்து அட்வான்ஸில் பிடிக்கலாம். இதில் ஒளிந்திருக்கும் புத்தி என்னவென்றால், யார் எப்போது சொன்னார் என்பதற்குச் சான்று வேண்டும். போனில் பேசினாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் போட்டு வைப்பது இருவருக்கும் நல்லது.

கரண்ட்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கொசப்பேட்டை, சைதாப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் மீட்டர் பலகையைத் திறந்து பாருங்கள். மரப்பலகை, அதில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. கட்டையை உருவினால் உள்ளே முடி போன்ற மெல்லிய கம்பி இருக்க வேண்டும். அதற்குப் பதில் நாலைந்து செம்பு இழைகளை முறுக்கிக் கட்டியிருப்பார்கள், ஏனென்றால் மெல்லிய கம்பி ‘அடிக்கடி போகிறது’. அது போக வேண்டும் என்பதற்காகத்தானே வைத்தது! அளவுக்கு மீறி மின்சாரம் ஓடும்போது முதலில் அறுந்துபோக வேண்டியது அந்தக் கம்பி. அதைத் தடிமனாக்கினால் அடுத்துச் சூடாவது சுவருக்குள் இருக்கும் வயர். அதை யாரும் பார்க்க முடியாது, கருகல் வாசனை வரும்வரை.

வேலூர் வெயில் தெரிந்ததுதான். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது குடியிருப்பவர் ஏ.சி. வாங்குவார். 30 வருடம் முன்பு நாலு மின்விசிறிக்கும் ஆறு ட்யூப்லைட்டுக்கும் போட்ட லைனில் ஒன்றரை டன் ஏ.சி.யை மாட்டினால் என்ன ஆகும்? எனவே ஏ.சி. போடலாமா கூடாதா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். போடலாம் என்றால், அதற்கெனத் தனி லைன், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), தடித்த சாக்கெட் போட்டுக் கொடுப்பது உங்கள் வேலை. வயரிங் உங்கள் பட்டியலில் இருக்கிறது.

எம்.சி.பி. போட்டாயிற்று, அதனால் பயமில்லை என்று நினைப்பது இன்னொரு தப்புக்கணக்கு. எம்.சி.பி. காப்பது வயரை. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். ஆனால் ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொடும் பெண்ணின் உடல் வழியாகக் கொஞ்சமாகக் கரண்ட் பூமிக்குப் போனால் எம்.சி.பி.க்கு அது தெரியாது. ஆளைக் கொல்ல அந்தக் கொஞ்சம் போதும். அதைக் கண்டுபிடிப்பது ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு கருவி. உள்ளே போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது போட வேண்டும். அவ்வளவு வித்தியாசம் கசிந்தால் கண்ணிமைக்கும் முன் இணைப்பை அறுத்துவிடும். விலை சில ஆயிரத்துக்குள்தான். அதன் முகத்தில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் விழ வேண்டும். குடிவரும் நாளில் அதை அழுத்திக் காட்டி, அவ்வப்போது அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விழவில்லையென்றால் அது சுவரில் ஓர் அலங்காரம்.

எர்த் குழியையும் மறக்காதீர்கள். கோடையில் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த் சரியாக வேலை செய்யாது. பழைய எலெக்ட்ரீஷியன்கள் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது காரணத்தோடுதான்.

புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில், இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். இப்போது எல்லாப் போர்ஷனிலும் ஒரு மின்சார வண்டி நிற்கிறது. வெளியே போக ஒரே வழியாக இருக்கும் வாசலிலோ மாடிப்படிக்குக் கீழேயோ சார்ஜ் போட விடாதீர்கள். திறந்த இடத்தில், மழை படாத மாதிரி, எர்த் உள்ள சாக்கெட் ஒன்று போட்டுக் கொடுங்கள். ‘இங்கே போடக் கூடாது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு இடம் தராவிட்டால், ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இறங்கும். அது இன்னும் மோசம்.

கரண்ட் பில் சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடிந்தால் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இ.பி. இணைப்பு வாங்கிவிடுங்கள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று நீங்களே ஒரு விலை வைத்து வசூலிப்பது பல வீடுகளில் நடக்கிறது. அரசு முதல் 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது என்பது குடியிருப்பவருக்கும் தெரியும். அதில் லாபம் பார்க்கும் வீட்டுக்காரர் மேல் அவருக்கு மரியாதை எப்படி வரும்?

கூரை, சுவர், மூடி

2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில், விடாத மழையில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் வேலூர் பக்கம் லேசான நில அதிர்வும் வந்தது. பழைய வீடு வைத்திருப்பவர்கள் அந்த வருடத்தை மறக்கக் கூடாது.

கான்கிரீட் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால், அதற்கு முன் பல மழைக்காலம் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேஸ்திரியைக் கூப்பிட்டு மேலே சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தால் கண்ணுக்கு மறையும், உள்ளே துரு வளரும். துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சு கொடுத்து, மேல்தளத்தில் தண்ணீர் தேங்காமல் ஓட்டம் சரிசெய்வதுதான் வேலை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே மாடிக்கு ஏறி ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. வீடு குடியிருக்க முடியாத நிலைக்குப் போய், எழுத்தில் சொல்லியும் நீங்கள் சரிசெய்யாவிட்டால், குடியிருப்பவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம். வாடகை அதிகாரியிடமும் போகலாம்.

அலட்சியத்தால் உயிர் போனால் விஷயம் வாடகைச் சட்டத்தோடு நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106ஆவது பிரிவின்படி அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. நஷ்டஈடு வழக்கு தனி.

சம்ப் மூடியைக் கவனியுங்கள். காவிரித் தண்ணீர் வரும் நேரத்தில் மூடியை எடுத்து வைத்துவிட்டு மோட்டார் போடப் போவார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த இடைவெளி போதும். கனமான, பூட்டக்கூடிய மூடி ஒன்று போட்டுக் கொடுங்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி, மொட்டைமாடிக்கு ஓரளவு உயரமான கைப்பிடிச் சுவர், இதெல்லாம் சொல்லாமலே செய்ய வேண்டியவை. குளியலறைக்குள் காஸ் கீசர் வேண்டவே வேண்டாம். காற்றுப் போக்கில்லாத இடத்தில் அது கார்பன் மோனாக்சைடைச் சேர்க்கும். வாசனை இல்லாத அந்த வாயு ஆளை மயக்கிச் சாய்த்துவிடும்.

செப்டிக் டேங்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்களில் இது வீட்டுக்காரரின் தலைவலி. நிறைந்தால் கழிவுநீர் வண்டியைக் கூப்பிடுங்கள். அடியில் படிந்த கசடு வரவில்லை என்று ஆளை உள்ளே இறக்காதீர்கள். குடியிருப்பவர் ஏற்பாடு செய்தாலும் விடாதீர்கள். மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்கி வேலை வாங்குபவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கான்ட்ராக்டர்தான் இறக்கினார் என்ற சமாதானம் உங்களைக் காப்பாற்றாது. தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சில மூச்சிலேயே ஆளைச் சாய்க்கும். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் திரும்பி வருவதில்லை.

செய்யக் கூடாதவை

வாடகை வரவில்லை என்று தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, கேட்டைப் பூட்டுவது. கோபத்தில் செய்யத் தோன்றும். சட்டம் இதைத் தெளிவாகவே தடுக்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிப்பிட வசதி, வண்டி நிறுத்தும் இடம் எதையும் வெட்டக் கூடாது. புகார் போனால் வாடகை அதிகாரி திரும்பத் தரச் சொல்லி உத்தரவிடலாம், அபராதமும் விதிக்கலாம். குடியிருப்பவரை வெளியேற்ற ஒரே வழி வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாதவர் மேல் வழக்குப் போட அங்கே இடமிருக்கிறது. சாமானைத் தெருவில் எடுத்து வைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

உள்ளே வந்து பார்க்க வேண்டுமா? 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் காரணத்தோடு சொல்ல வேண்டும். தீ, வெள்ளம் மாதிரி அவசரம் என்றால் கணக்கு வேறு. மாற்றுச் சாவி உங்களிடம் இருப்பது உரிமைச் சான்று ஆகாது. கேமராவும் அப்படித்தான், தெருவையும் கேட்டையும் பார்க்கட்டும். குடியிருப்பவர் வாசலையோ ஜன்னலையோ பார்க்க வேண்டாம்.

வேலூருக்கே உரிய இரண்டு

சி.எம்.சி.யைச் சுற்றி அறை கொடுப்பவர்களுக்கு: வங்காளம் பேசுகிறவர்கள் எல்லாரும் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர் என்றால் அவர் வெளிநாட்டவர். பாஸ்போர்ட், விசாவைப் பார்த்து, வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அதிகாரிக்கு அதற்கான படிவத்தில் (முன்பு ‘சி’ படிவம் என்றிருந்தது) தகவல் தர வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். லாட்ஜுக்கு மட்டும்தான் இது என்று வீடுகளில் அறை கொடுப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வீடானாலும் பொருந்தும்.

காட்பாடியில் மாடியை மாணவிகளுக்கோ வேலை பார்க்கும் பெண்களுக்கோ கட்டில் கணக்கில் விடுபவர்களுக்கு: அது வாடகை வீடாக இல்லாமல் விடுதியாகிவிடும். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கான 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். சமையல் செய்து போடுகிறோம், நம் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்கிறோம் என்பதெல்லாம் உரிமத்துக்கு ஈடாகாது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: வாடகை வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும், கட்டிய சொத்து வரி போக மிச்சத்தில் 30 சதவீதம் கழிவு கிடைக்கும். மற்றதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலி செய்யும் நாள்

அதிகச் சண்டை இங்கேதான். குடிவந்த நாளிலேயே ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது. மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து எடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியும் சேதமும் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்’ என்பது நம்மூர் வழக்கம். சட்டத்தில் அதற்கு இடமில்லை. வங்கி மூலம் அனுப்பி, பிடித்தம் செய்தது எதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பதும் ஊர் முழுக்க உள்ள பழக்கம். முன்னே பார்த்த பட்டியலில் வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பக்கம் இருக்கிறது. பிடிக்க வேண்டும் என்றால் குடிவரும்போதே ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் அந்த பெயின்ட் செலவு உங்களுடையது.